இருபது வயது ரியோஹா, குன்னூரில்

தேயிலை ருசி பார்ப்பது என் வேலை. குன்னூர் ஏலத்துக்கு வரும் சாம்பிள்களை உறிஞ்சி, துப்பி, குறிப்பு எழுதி, விலை சொல்ல வேண்டும். அதனால் எதைக் குடித்தாலும் என் நாக்கு முதலில் தேடுவது துவர்ப்பைத்தான். அந்தத் துவர்ப்புக்கு இருபது வருஷத்தில் என்ன ஆகும் என்று எங்கள் கறுப்புத் தேயிலையில் பார்க்க வழியில்லை. பழசானால் அதன் உயிர் போய்விடும். நல்ல சிவப்பு ஒயினில் பார்க்கலாம். போன வாரம் பார்த்தேன்.

வீன்யா டொண்டோனியா ரிசர்வா, 2005. வடக்கு ஸ்பெயினின் ரியோஹா வட்டாரத்தில், ஆரோ என்ற ஊரில் 1877-இல் தொடங்கிய லோபெஸ் டே எரேடியா குடும்பத்தின் ஒயின். பிரான்ஸில் ஃபிலாக்ஸெரா என்ற வேர்ப்பூச்சி திராட்சைத் தோட்டங்களைத் தின்று தீர்த்துக்கொண்டிருந்த காலம் அது. பிரான்ஸின் ஒயின் வட்டாரமான போர்தோவின் வியாபாரிகள் சரக்கு தேடி ஆரோவுக்கு வந்தார்கள், அவர்களோடு பீப்பாயில் முதிர வைக்கும் வழக்கமும் அங்கே பரவியது. இந்தக் குடும்பம் அந்தப் பழைய முறையை இன்றுவரை விடவில்லை. பீப்பாய்களைக்கூடத் தங்கள் பட்டறையிலேயே அமெரிக்க ஓக் மரத்தில் செய்துகொள்கிறார்கள். ரிசர்வா என்று பெயர் போட, அங்குள்ள விதிப்படி 3 வருஷம் முதிர்ந்தால் போதும், அதில் 1 வருஷம் பீப்பாயில். இவர்கள் பீப்பாயிலேயே 6 வருஷம் வைக்கிறார்கள். திராட்சையில் பெரும்பங்கு டெம்ப்ரனியோ, மிச்சம் கார்னாச்சா, கிராசியானோ, மாசுவேலோ.

தம்பி ஸ்பெயினின் பில்பாவோ நகரத்தில் வேலை பார்த்தபோது வாங்கி வந்தது. அவனுடைய கோயம்புத்தூர் வீட்டில் இருந்திருந்தால் சித்திரை வெயிலில் வெந்துபோயிருக்கும். எங்கள் வீட்டு வடக்குப் பக்க ஸ்டோர் ரூமில், பழைய தேயிலைப் பெட்டிக்குள் படுக்கப் போட்டிருந்தேன். இந்த உயரத்தில் ஒயினுக்கென்று தனிக் குளிர்பெட்டி வேண்டியதில்லை. ஐப்பசி மழையின் ஈரத்தில் லேபிள் பூஞ்சை பிடித்துவிட்டது, ஆனால் அதே ஈரம்தான் கார்க்கைக் காயவிடாமல் காப்பாற்றியது. சிவப்பு ஒயினை அறை வெப்பத்தில் குடிக்கச் சொல்வது ஐரோப்பாவின் குளிர்ந்த வீடுகளை வைத்துத்தான். 16, 18 டிகிரி. சென்னை வீட்டு அறையை நினைத்து யாரும் சொல்லவில்லை. குன்னூரில் மாசி மாதச் சாயங்காலத்துக்கு அந்தக் கணக்கு அப்படியே பொருந்துகிறது.

இரண்டு நாள் முன்பே பாட்டிலை நிமிர்த்தி வைத்துவிட்டேன், அடியில் மண்டி இறங்கட்டும் என்று. கார்க் பாதியில் முறிந்தது. மிச்சத்தைத் திருகாணியைச் சாய்த்துவிட்டு மெதுவாக இழுத்தேன். பாட்டில் கழுத்துக்குப் பின்னால் செல்போன் டார்ச்சைப் பிடித்துக்கொண்டு ஜாடியில் ஊற்றினேன். தெளிவாக வந்துகொண்டே இருந்தது. கடைசியில் கழுத்தருகே கறுப்பாக ஒரு கோடு நகர்ந்து வந்தது, அங்கே நிறுத்திவிட வேண்டும். அந்த மண்டி அழுக்கு இல்லை. இளசாக இருந்தபோது நாக்கைப் பிடித்த டானின் என்ற துவர்ப்புப் பொருளும், ஊதா நிறம் தந்த சாயமும் ஒன்றோடொன்று சேர்ந்து, கனத்து, தாங்க முடியாமல் கீழே இறங்கியது. நான் தேடிய துவர்ப்பில் ஒரு பங்கு பாட்டிலின் அடியில் கிடந்தது.

கிளாஸைச் சாய்த்துப் பார்த்தால் நடுவில் மாதுளைச் சிவப்பு, ஓரத்தில் பழைய ஓட்டின் நிறம். முதல் வாசனையில் பழமே இல்லை. சோலைக்குள் மழை விட்ட பிறகு மக்கின இலை, காளான்.

“அக்கா, கெட்டுப்போச்சா?” என்றான் தம்பி.

“கொஞ்சம் பொறுடா.”

அரை மணி நேரம் ஆனது. காளான் விலகி உலர்ந்த அத்தி வந்தது, பிறகு ஆரஞ்சுத் தோல், புகையிலை. அடியில் மெல்லியதாகக் கொப்பரை வாசனை. இது என் கற்பனை இல்லை, அமெரிக்க ஓக்கில் லாக்டோன் என்ற வகைப் பொருள் உண்டு, தேங்காய்க்கு அந்த மணத்தைத் தருவதும் அதே வகைப் பொருள்கள்தான். ஸ்பெயின் பீப்பாயிலிருந்து கொப்பரை எழுந்து வந்தபோது உண்மையிலேயே எனக்குச் சிலிர்த்தது.

வாயில் வைத்து, தேயிலையை உறிஞ்சுவதுபோலவே சத்தத்தோடு உறிஞ்சினேன். முதலில் புளிப்பு. இருபது வயதில் இவ்வளவு தெம்பான புளிப்பை நான் எதிர்பார்க்கவில்லை, மொத்த ஒயினையும் அதுதான் நிமிர்த்திப் பிடித்திருந்தது. துவர்ப்பு பின்னால் வந்தது, ஈறை இழுக்காமல் நாக்கின் மேல் நைசாகப் படர்ந்தது. துவர்ப்பு என்பது டானின் நம் எச்சிலின் புரதத்தைப் பற்றிக்கொள்வதால் வரும் வறட்சி. டீயில் பால் ஊற்றினால் அது அடங்குவதும் பாலின் புரதத்தைப் பிடித்துக்கொள்வதால்தான். இந்த ஒயினைத் தெளிய வைக்க முட்டையின் வெள்ளைக்கருவைத்தான் சேர்க்கிறார்கள், வேலை அதேதான். ஆனால் பாலும் முட்டையும் உடனே செய்வதைக் காலம் வேறு விதமாகச் செய்கிறது. துவர்ப்பை எடுத்துவிடுவதோடு நிற்பதில்லை, மிஞ்சியதன் குணத்தையே மாற்றிவிடுகிறது. எங்கள் தொழிலில் இதற்கு ஈடாக ஒன்றும் இல்லை.

இதை வைத்து எல்லா ஒயினையும் பரணில் போட்டுவிடாதீர்கள். பெரும்பாலான ஒயின்கள் சில வருஷங்களுக்குள் குடிப்பதற்கென்றே செய்யப்படுபவை. கிறிஸ்துமஸுக்கு இங்கே பல வீடுகளில் போடுவதும் அந்த வகைதான், அது புதிதாக இருக்கும்போதே அழகு. புளிப்பும் டானினும் ஆரம்பத்திலேயே நிறைய இருந்தால்தான் காலம் வேலை செய்ய ஏதாவது இருக்கும்.

சாப்பாட்டுக்குத் தம்பி மனைவி மட்டன் சுக்கா செய்திருந்தாள். சுக்கா பிரமாதம், ஆனால் மசாலா பட்டதும் ஒயினின் அத்தியும் புகையிலையும் காணாமல் போயின. அப்புறம் ஊட்டி உருளைக்கிழங்கை வெண்ணெயிலும் உப்பிலும் வதக்கிக் கொடுத்தாள். அதோடு சேர்ந்தபோதுதான் எல்லாம் திரும்பி வந்தது. மறுநாள் ஜாடியில் ஒரு கிளாஸ் மிச்சம் இருந்தது. மணம் பாதி போய்விட்டது, புளிப்பு மட்டும் அசையவில்லை. பழைய பாட்டிலைத் திறந்தால் அன்றைக்கே முடித்துவிடுங்கள்.

இன்னொரு பாட்டில் இருக்கிறது. தீபாவளிக்குத் திறக்கலாம் என்கிறான் தம்பி. அந்தப் புளிப்பை ருசித்த பிறகு நான் சம்மதிக்கவில்லை. 2030 வரையாவது தாங்கும்.