தறிக்காது

"கப்பல் படையில சேர்ந்துட்டு அரக்கோணத்துல இன்னாடா வேலை?" 1992இல் மாற்றல் உத்தரவோடு குடியாத்தம் வீட்டுக்குப் போனபோது நைனா கேட்டார். நியாயமான கேள்வி. அரக்கோணத்தில் கடல் ஏது? ஆனால் இரண்டாம் உலகப் போர்க் காலத்து விமானத் தளம் ஒன்று இருந்தது. அங்கேதான் அந்த ஆண்டு மார்ச் 11 அன்று குடியரசுத் தலைவர் ஆர். வெங்கட்ராமன் ஐ.என்.எஸ். ராஜாளி என்ற கடற்படை விமானத் தளத்தைத் தொடங்கிவைத்தார். கோவாவில் இருந்த, நீர்மூழ்கிகளைத் தேடும் எங்கள் டியூ-142 விமானங்கள் 4 கிலோமீட்டருக்கும் நீளமான அந்த ஓடுதளத்துக்கு வந்து சேர்ந்தன.

நான் விமானி அல்ல, அப்சர்வர். எங்கே போவது, எதைத் தேடுவது என்று முடிவு செய்கிற வேலை. நீர்மூழ்கியைத் தேடக் கண்ணைவிடக் காதுதான் வேண்டும். சோனோபாய் என்ற மிதவைகளைக் கடலில் வரிசையாகப் போடுவோம். அவற்றின் அடியில் தொங்கும் மைக், தண்ணீருக்குள் எழும் சத்தத்தைப் பிடித்து ரேடியோ வழியே மேலே அனுப்பும். மழை, மீன்கூட்டம், சரக்குக் கப்பல் எல்லாம் கலந்து வரும் இரைச்சலில் ஒரே ஒரு புரொப்பெல்லரின் துடிப்பைப் பிரித்தெடுக்க வேண்டும்.

வங்கக் கடலில் ஒரு பயிற்சி இரவு. சத்தம் கிடைத்ததும் "நீர்மூழ்கிதான்" என்று அறிவித்துவிட்டேன். ஹெட்போன் மாட்டியிருந்த மாலுமி, என்னைவிடப் பத்து வயது மூத்தவர், திரும்பி என் முகத்தைப் பார்த்தார். நான் எதுவும் கேட்கவில்லை. இரண்டு மணி நேரம் சுற்றிச் சுற்றி வந்தோம். கடைசியில் அது மீன்பிடி விசைப்படகு. தேட வேண்டிய நீர்மூழ்கி அதற்குள் தப்பிவிட்டது. தரையிறங்கியபின் அவரிடம் போனேன். "முதல்லயே தெரிஞ்சுது சார். நான் தூத்துக்குடிக்காரன், எங்க லாஞ்சு சத்தம் எனக்குத் தெரியாதா? நீங்க கேக்கல" என்றார். அந்த "கேக்கல" இன்னும் எனக்கு வலிக்கிறது.

அடுத்த விடுப்பில் திண்ணையில் நைனா பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். உள்ளே நான்கு தறி ஓடிக்கொண்டிருந்தது. தெருவைப் பார்த்தபடியே, "மூணாவது தறியில இழை போச்சு, பாரு" என்று அம்மாவுக்குக் குரல் கொடுத்தார். சிறுவயதிலிருந்து கேட்ட குரல்தான். அன்றுதான் எப்படித் தெரிகிறது என்று விசாரித்தேன். "அறுந்த சத்தத்த யார்ரா கேக்கறா? ஓடற சத்தம் மனசுல இருக்கும். அது மாறினா தெரியும்" என்றார்.

அதன்பிறகு, தேடுமிடத்துக்குப் போய்ச் சேர்ந்ததும் முதலில் எதையும் தேடாமல் அன்றைய கடலின் இரைச்சலை மட்டும் கேட்டுக்கொண்டிருப்பேன். மாலுமிகள் ஒவ்வொருவரையும் கேட்காமல் நான் வாய் திறந்ததில்லை. எனக்குக் கீழே பயின்ற இளம் அதிகாரிகளிடமும் இதை விடாப்பிடியாகக் கேட்டு வாங்கினேன்.

கமாண்டர், கேப்டன் என்று பதவிகள் வந்தன, டெல்லியில் மேசை வேலையும் வந்தது. 2013இல் டியூ-142க்கு மாற்றாக பி-8ஐ விமானங்கள் ராஜாளிக்கு வந்தன. கணினி நிறைய வடிகட்டித் தருகிறது, நல்லதுதான். 2017 மார்ச் 29 அன்று டியூ-142க்கு ராஜாளியில் விடை கொடுத்தபோது தொண்டை அடைத்துக்கொண்டது. அவற்றில் ஒன்று இப்போது விசாகப்பட்டினம் கடற்கரையில், குர்சுரா நீர்மூழ்கி அருங்காட்சியகத்துக்கு எதிரே நிற்கிறது.

நைனா ஒரே ஒருமுறை அரக்கோணம் குடியிருப்புக்கு வந்தார். விடியற்காலை. தூரத்தில் டியூவின் என்ஜின்கள் கிளம்பின. காபியைக் கீழே வைத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்.

"நாலு தறி" என்றார். "ஒண்ணொண்ணா சேருது."