பால் கெட்டாலும் கான் ஆஃப், மனசு விட்டுப்போனாலும் கான் ஆஃப்

இங்கிலாந்துல இருக்குற லீட்ஸுக்கு நர்ஸா வந்து மூணு வருஷம் ஆச்சு. இங்கிலீஷ் பரீட்சை பாஸ் பண்ணிட்டுதான் வந்தேன், வார்டுல டாக்டருங்க பேசுறது, ஷிஃப்ட் மாறும்போது சொல்ற ஹேண்ட்ஓவர் எல்லாம் புரிஞ்சது, ஆனா பிரேக் ரூம்ல கூட வேலை பாக்குற பொண்ணுங்க காதல் கதை பேச ஆரம்பிச்சா ஒண்ணும் பிடிபடாது. கோ, கெட், ஸ்டாண்ட்னு எல்லாம் தெரிஞ்ச வார்த்தைதான், பின்னாடி ஒரு ஆஃப், ஒரு அப் ஒட்டிக்கிட்டா அர்த்தமே வேற.

ஒரு நாள் ஒருத்தி "ஐ ஹேவ் கான் ஆஃப் ஹிம்"னா. அவன் ஊருக்குக் கிளம்பிட்டான்னு நெனச்சு "எப்ப வருவான்"னு கேட்டுட்டேன். பாவம், பதிலே சொல்லாம டீ கப்பையே பாத்துட்டு இருந்தா. அதே வாரம் இன்னொருத்தங்க ஃப்ரிட்ஜ்ல இருந்த பாலை எடுத்து மூடியைத் திறந்து மோந்து பாத்துட்டு "இட்ஸ் கான் ஆஃப்"னு சொல்லி சிங்க்ல ஊத்தினாங்க. அப்பதான் சுரீர்னு உறைச்சது. அவளுக்கு அவன் மேல இருந்த ஆசை விட்டுப்போச்சு, பால் திரிஞ்ச மாதிரி. அன்னைக்கே போய் சாரி சொன்னேன்.

அப்புறம் வெக்கப்படாம கேட்டே கத்துக்கிட்டேன். சாட் அப்னா மடக்குறதுக்காக வந்து பேச்சுக் கொடுக்குறது. ஸ்டுட் மீ அப்னா வரேன்னு சொல்லிட்டு வராம காக்க வெச்சுட்டான். பஸ்ல கெட் ஆஃப்னா இறங்குறது, ஆனா கூட ஒரு வித் சேந்து ஆள் பேரும் வந்தா முத்தம் கொடுத்துக்கிட்டாங்கன்னு அர்த்தம், சில சமயம் அதுக்கு மேலயும்.

ஒரு பாட்டி பேஷண்ட் "நாக் மீ அப் அட் சிக்ஸ், லவ்"னாங்க. இன்னைக்கு இளவட்டத்துக்கு அது கர்ப்பமாக்குறது, பாட்டிக்கு கதவைத் தட்டி எழுப்பிவிடுறது அவ்ளோதான். அந்தக் காலத்துல இந்தப் பக்கம் மில் ஊர்கள்ல விடியக்காலைல நீளக் கம்பால ஜன்னலைத் தட்டி தொழிலாளிங்களை எழுப்பவே ஆள் இருந்தாங்க, நாக்கர் அப்னு பேரு. அந்த லவ்வும் காதல் இல்ல, நம்ம கண்ணு மாதிரி, லீட்ஸ் இருக்குற இந்த யார்க்‌ஷயர்ல யாரை வேணா அப்படிக் கூப்பிடுவாங்க.

நம்ம தமிழும் இப்படித்தானே, ஓடினா வேற, ஓடிப்போயிட்டா வேற. பேசினாங்க வேற, பேசி முடிச்சுட்டாங்க வேற. இதை அந்த கான் ஆஃப் பொண்ணுகிட்ட சொன்னேன். ரெண்டு பேருக்கும் நைட் டூட்டி, டீ ஆறிப்போச்சு, "ஓடி... போயிட்டா"ன்னு மெதுவா ரெண்டு தடவை சொல்லிப் பாத்தா, அப்புறம் அவ அம்மாவும் அப்படித்தான் கல்யாணம் பண்ணிக்கிட்டாங்கன்னு சொல்ல ஆரம்பிச்சா.