ஒன்பதாவது ரவுண்டு

ஜூலை 14, 2025, திங்கள்

என் பத்தாம் வகுப்பு ஓட்டப் பிள்ளை இன்றும் ஒன்பதாவது ரவுண்டில் நின்றுவிட்டாள். எங்கள் பள்ளி மைதானம் சுற்றுக்கு 200 மீட்டர். 3000 மீட்டருக்கு 15 ரவுண்டு. எட்டு வரை நன்றாகத்தான் வந்தாள். வேப்பமரத் திருப்பத்தில் வேகம் குறைந்தது, அப்புறம் இடுப்பில் கைவைத்து நடக்கத் தொடங்கிவிட்டாள். போன வருடம் 12 நிமிடம் 10 நொடியில் முடித்த பிள்ளை. மற்ற பிள்ளைகள் முன்னால் வைத்தே சத்தம் போட்டேன். "கால்ல தெம்பு இருக்கு, மனசுலதான் இல்ல." பதில் பேசாமல் குனிந்து ஷூ லேஸை அவிழ்த்தாள்.

தொலைதூர ஓட்டத்தில் ஆளைச் சோதிப்பது நடு ரவுண்டுகள்தான். தொடக்கத்தில் உற்சாகம் இழுத்துக்கொண்டு போகும். கடைசியில், முடியப்போகிறது என்ற நினைப்பே ஓடவைக்கும். எட்டிலிருந்து பன்னிரண்டு வரை இரண்டும் கிடையாது. அங்கேதான் பயிற்சியாளரின் குரல் வேண்டும் என்று 19 வருடமாக நம்பிக் கத்திக்கொண்டிருக்கிறேன்.

ஜூலை 17, வியாழன்

பத்தாம் வகுப்பு மாடியில். படியேறி முடித்ததும் கைப்பிடியைப் பிடித்தபடி மூச்சு வாங்கிக்கொண்டு நின்றாள். இருபது படிதான் இருக்கும். வாரம் நான்கு நாள் ஓடும் பிள்ளைக்கு இருபது படி ஏறினால் மூச்சு வாங்குமா? பக்கத்தில் போனபோது வாயில் எதையோ மென்றுகொண்டிருந்தாள். சட்டைப் பையில் ஒரு கைப்பிடி பச்சரிசி. "ஏம்மா, சாப்பிடலையா?" என்றேன். "சாப்ட்டேன் சார். இது சும்மா, திங்கணும் போல இருக்கும்."

தமிழாசிரியையிடம் சொன்னேன். சொல்லி முடிக்கும் முன்பே, "சார், முதல்ல அவளுக்கு ரத்தம் பாக்கணும்" என்றார்.

ஜூலை 22, செவ்வாய்

ஹீமோகுளோபின் 8.4. குறைந்தது 12 இருக்க வேண்டும்.

ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவர் பொறுமையாக விளக்கினார். ஆக்சிஜனைத் தசைக்குக் கொண்டுபோவது ஹீமோகுளோபின். அது இவ்வளவு குறைந்தால் இதயம் எவ்வளவு வேகமாக அடித்தாலும் காலுக்குப் போய்ச் சேருவது போதாது. முதல் சில ரவுண்டுகளை எப்படியோ சமாளித்துவிடலாம், அதற்குப் பிறகு உடம்பு தானாகவே நிறுத்திவிடும். பச்சரிசி தின்னும் ஆசைகூட இரும்புச்சத்துக் குறைவின் அறிகுறியாம்.

அவள் அம்மா தமிழாசிரியையிடம் தனியாகச் சொன்னாராம்: "மாசாமாசம் எட்டு நாள் போகுது டீச்சர். எல்லாருக்கும் அப்படித்தானேன்னு இருந்துட்டேன்." ஓர் ஆண் பயிற்சியாளராக நான் ஒருநாளும் கேட்டிராத கேள்வி அது. கேட்கக் கூச்சம் என்றால், கேட்கக்கூடிய ஒருவரையாவது பக்கத்தில் வைத்திருக்க வேண்டும். தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டுப் பெண்களில் பாதிக்கு மேல் ரத்தசோகை உள்ளவர்கள். பயிற்சி வகுப்பொன்றில் கேட்டு நானே நோட்டில் எழுதிய தகவல்தான். மைதானத்துக்கு வந்ததும் மறந்துபோயிருக்கிறேன்.

ஜூலை 23, புதன்

திட்டியது எல்லோர் முன்னாலும் என்பதால், எல்லோரையும் உட்காரவைத்துத்தான் பேசினேன். "போன வாரம் திங்கட்கிழமை நான் சொன்னது தப்பு. இவளுக்கு உடம்புல ரத்தம் கம்மி. அது தெரியாம மனசு மேல பழி போட்டேன். மன்னிச்சிரும்மா."

கொஞ்ச நேரம் மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தாள். பிறகு சொன்னாள்: "நீங்க சொன்னதும் எனக்கு மனசுதான் இல்லபோலன்னு நானும் நெனச்சுட்டேன் சார்."

இரவு முழுக்க இந்த வாக்கியம்தான் ஓடிக்கொண்டிருந்தது. ஓடுகிற பிள்ளை தன்னைப் பற்றி என்ன நினைக்கிறது என்பதில் பாதி, பயிற்சியாளர் வாயிலிருந்து வந்ததாகத்தான் இருக்கும் போல.

ஆகஸ்ட் 4, திங்கள்

குறுவட்டப் போட்டிப் பட்டியலிலிருந்து அவள் பெயரை எடுத்துவிட்டேன். குறுவட்டம் இல்லையென்றால் மாவட்டமும் இல்லை, இந்த வருடம் போச்சு. தினமும் இரும்புச்சத்து மாத்திரை, கூடவே நெல்லிக்காயோ எலுமிச்சைச் சாறோ. மாத்திரைக்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரம் டீ கூடாது. மைதானத்தில் நடை மட்டும்.

ஆகஸ்ட் 26, செவ்வாய்

ஏழு வருடத்துக்கு முன்பு இதே தேதியில்தான் ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் எங்கள் புதுக்கோட்டை மாவட்டத்து கோவிந்தன் லட்சுமணன் 10,000 மீட்டரில் மூன்றாவதாக வந்தார். ஓடுபாதையின் உட்கோட்டைத் தாண்டிக் கால் வைத்ததாகச் சொல்லி வெண்கலத்தைப் பறித்துவிட்டார்கள். அதற்கு முந்தைய வருடம்தான் புவனேஸ்வர் ஆசிய சாம்பியன்ஷிப்பில் 5000, 10,000 இரண்டிலும் தங்கம் வாங்கியிருந்தார்.

இந்தக் கதையை வருடாவருடம் 'கவனம் சிதறக் கூடாது' என்பதற்காகவே சொல்லி வந்தேன். இன்று அப்படிச் சொல்ல வாய் வரவில்லை. 400 மீட்டர் பாதையில் 25 ரவுண்டு ஓடிக் களைத்த ஒரு மனிதனின் கால் எங்கே விழுந்தது என்பதைத் திண்ணையில் உட்கார்ந்து பாடமாக்குவது எனக்கு இப்போது கூசுகிறது. நடந்ததை மட்டும் சொன்னேன்.

அவள்தான் கேட்டாள். "பதக்கம் போனாலும் அவரு ஓடுனது ஓடுனதுதானே சார்?"

"ஆமாம்மா. ஓடுனது ஓடுனதுதான்."

செப்டம்பர் 9, செவ்வாய்

10.6. மருத்துவர் மெதுவோட்டத்துக்குச் சம்மதித்தார். பச்சரிசி ஆசை போய்விட்டதாம்.

அக்டோபர் 8, புதன்

காலை ஆறு மணி. ராத்திரி பெய்த மழையில் சுண்ணாம்புக் கோடு கரைந்திருந்தது, மறுபடி போட்டோம். 11.8 என்று போன வாரம் ரிசல்ட் வந்திருந்ததால் முழு 3000 ஓட இன்றுதான் அனுமதி.

வாட்சை ஒன்பதாம் வகுப்புப் பிள்ளையிடம் கொடுத்துவிட்டு வேப்பமரத்தடியில் போய் நின்றேன். கத்துவதில்லை, நேரம் சொல்வதில்லை, ஒவ்வொரு முறையும் உடம்புக்கு ஒரே ஒரு வேலை மட்டும் சொல்வது என்று முடிவு. ஏழாவதில் "தோளை எறக்கு" என்றேன். எட்டாவதில் "விரலை இறுக்காத." ஒன்பதாவதில் திருப்பத்துக்கு வரும்போது அவள் கண் என் பக்கம் வந்தது. அந்த இடம் அவளுக்கும் ஞாபகம் இருந்திருக்கிறது. "மூச்சை நல்லா வெளிய விடு" என்றேன். ஊஃப் என்று சத்தம் கேட்கவே விட்டாள், மரத்தைத் தாண்டினாள். குதிகால் பட்டு ஈர மண் பின்னால் தெறித்தது. பத்தாவதில் என்னைப் பார்க்கவே இல்லை.

12 நிமிடம் 41 நொடி. "போன வருஷத்தைவிட அரை நிமிஷம் கூட ஆயிருச்சு சார்" என்று அவளே கணக்குச் சொன்னாள். முகத்தில் வருத்தம் ஏதும் இல்லை.

நாளை மீதி ஆறு ஓட்டப் பிள்ளைகளையும் ரத்தப் பரிசோதனைக்குத் தமிழாசிரியை கூட்டிப்போகிறார். எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கு ஊசி என்றால் பயமாம். கையைப் பிடித்துக்கொள்ள நானும் போறேன் என்று இவள் சொல்லியிருக்கிறாள்.