பதினோரு இடம்

2025 ஜனவரி 11

என் நாவலுக்கு ஐ.எஸ்.பி.என்., புத்தகத்துக்கான அடையாள எண், வந்துவிட்டது. பதின்மூன்று இலக்கம். ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமைக்கு இணையத்தில் விண்ணப்பித்ததுதான். கட்டணம் எதுவும் இல்லை. பதிப்பாளர் என்ற கட்டத்தில் என் பெயர். எழுதியவர் என்ற கட்டத்திலும் என் பெயர். இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஜனவரி 20

அலுவலகத்துக்கு விடுப்பு. காலை ஆறரைக்கு மாட்டுத்தாவணியில் சிவகாசி பஸ். திருமங்கலம் தாண்டும்வரை நின்றுகொண்டேதான் போனேன். காலண்டர், டைரி வேலையெல்லாம் ஓய்ந்து, பள்ளி நோட்டுப் புத்தக வேலை சூடு பிடிப்பதற்கு முன்னால் கிடைக்கிற இடைவெளி இது, இப்போது விட்டால் ஜூன் மாதம்தான் என்றார் அச்சகத்து அண்ணாச்சி. டெம்மி அளவு. 208 பக்கம், பதினாறு பக்கத்துக்கு ஒரு பாரம் என்று பதின்மூன்று பாரம். 70 ஜி.எஸ்.எம். மேப்லித்தோ தாள். 300 பிரதி. பிரதிக்கு 115 ரூபாய் வீதம் 34,500. சீட்டு எடுத்த பணத்தில் பாதியை முன்பணமாக எண்ணிக் கொடுத்தேன்.

"ஐந்நூறாகப் போட்டுவிடுங்களேன். பிளேட் செலவு ஒன்றுதான். தாள் மட்டும்தானே கூடும்" என்றார். கணக்கு சரிதான். ஆனால் அத்தையின் கட்டிலுக்கு அடியில் முந்நூறுக்குத்தான் இடம் இருக்கிறது.

ஜனவரி 23

இரவு பதினொன்றரை. அத்தைக்குக் காய்ச்சல் 102. ஈரத்துணியை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டே கடைசி பி.டி.எஃப்.ஐப் புரட்டினேன். பக்க எண், அத்தியாயத் தலைப்பு எல்லாம் சரியாக இருந்தன. "அடிக்கலாம்" என்று அனுப்பிவிட்டேன்.

ஜனவரி 24

காய்ச்சல் இறங்கிவிட்டது. கஞ்சி குடித்தார். "புத்தகம் அச்சுக்குப் போய்விட்டது அத்தை" என்றேன். சுவரைப் பார்த்துப் படுத்திருந்தவர் திரும்பினார்.

"எத்தனாம் நம்பர் அச்சு?"

தறிவீட்டிலேயே அறுபது வருடம் கழித்தவர். அவருக்கு அச்சு என்றால் தறியில் நீளவாக்கில் ஓடும் பாவு இழைகளைப் பிரித்து நிறுத்துகிற பல்வரிசைதான். எண்பது என்று சொல்லிவைத்தேன்.

"நெருக்கமான அச்சு. பதறாமல் ஓட்டு" என்று சொல்லிக் கண்ணை மூடிக்கொண்டார்.

ஜனவரி 29

அண்ணாச்சி போனை எடுக்கவில்லை.

பிப்ரவரி 5

வந்துவிட்டது! லாரி ஷெட்டிலிருந்து ஆட்டோவில் ஆறு பெட்டி. இவர், என் கணவர், ஒவ்வொன்றாகத் தூக்கி வந்தார். முதல் பெட்டியைப் பிரித்தபோது எழுந்த வாசனை, பசையும் மையும் கலந்தது, அத்தையின் தைல வாசனையையும் மீறி அறை முழுக்க நிறைந்தது. ஒரு பிரதியை எடுத்து அத்தையின் கையில் வைத்தேன். அவர் அட்டையைப் பார்க்கவே இல்லை. முதுகைத் தடவினார், பக்கங்களின் ஓரத்தில் கட்டைவிரலை ஓட்டினார், பிறகு மடியில் வைத்துக்கொண்டார். அப்படியே தூங்கியும்போனார். எடுக்க மனம் வரவில்லை.

பிப்ரவரி 6

மேலமாசி வீதிப் பக்கம் ஒரு கடையில் பதினைந்து பிரதி கொடுத்தேன். நாற்பது சதவீதம் கழிவு, விற்ற பிறகு பணம். 250 ரூபாய்ப் புத்தகத்தில் எனக்கு 150. முகப்பு மேசையில் வைப்பீர்களா என்று கேட்டேன். பார்க்கலாம் என்றார்.

பிப்ரவரி 8

உடை.

பாவுக்குக் குறுக்கே ஓடுகிற நூல் ஊடை. அந்தச் சொல் இருக்க வேண்டிய இடமெல்லாம் உடை. பக்கம் 14-இல் கண்ணில் பட்டது. ஏதோ ஒன்று தவறியிருக்கும் என்று 31-ஐப் பார்த்தேன். அங்கேயும். 32. 58. என் கோப்பைத் திறந்து ஊடை என்று தேடி, வந்த இடங்களை எல்லாம் புத்தகத்தில் ஒத்துப்பார்த்தேன். பதினோரு இடம். பதினொன்றிலும் உடை.

செல்லூரைப் பற்றி, தறியைப் பற்றி ஒரு நாவல் எழுதி அதில் ஊடை என்ற சொல் இல்லை. பாவு இருக்கிறது, ஊடை இல்லை. ஊடை இல்லாமல் எது துணி? "நாடாவுக்குள் உடை தீர்ந்துவிட்டது" என்று 58-ஆம் பக்கத்தில் நிற்கிறது, ஊடையைச் சுமந்து தறியில் ஓடுகிற நாடாவைப் பற்றிய வரி. தறியைத் தொட்ட எவராவது இதைப் படித்தால் என்ன நினைப்பார்? இவளுக்கு ஒன்றும் தெரியாது, கேள்விப்பட்டதை எழுதிவிட்டாள் என்றுதானே?

இரவு இரண்டு மணி. தூக்கம் வரவில்லை.

பிப்ரவரி 9

பக்கம் வடிவமைத்த தம்பியிடம் பேசினேன். "அப்படி ஒரு சொல் இருக்கிறதா அக்கா? பிழை என்று நினைத்து மொத்தமாக மாற்றிவிட்டேன்" என்றான். அவன் குரலில் உண்மையான வருத்தம் இருந்தது. இருபத்து நான்கு வயதுப் பிள்ளை, தறிச்சத்தம் அடங்கிய பிறகு பிறந்தவன், அவனுக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள்? சரி என்று சொல்லி அனுப்பியது நான்.

பிழைதிருத்தப் பட்டியல் அச்சடித்து ஒட்டலாம் என்றார் இவர். முடியாது. கடைசிப் பக்கத்துத் துண்டுச் சீட்டை யார் பார்க்கிறார்கள்?

பிப்ரவரி 10

வழி கிடைத்துவிட்டது. உ-வின் வளைவுக்குள் சிறிதாக ஒரு ள எழுதினால் ஊ. ஜெல் பேனா மேப்லித்தோவில் ஊறிப் பரவுகிறது. கூர்முனைக் கறுப்பு பால்பாயிண்ட்தான் சரி. மணிக்கட்டை மேசையில் அழுத்திக்கொண்டு, மூச்சைப் பிடித்து, மூன்று சிறு வளைவு. இருபதாவது பிரதிக்குப் பிறகு கை பழகிவிட்டது. தள்ளி வைத்துப் பார்த்தால் அச்செழுத்துப் போலவே இருக்கிறது.

14, 31, 32, 58, 77, 90, 91, 120, 133, 166, 201.

வீட்டில் 285 பிரதி. 3,135 ஊ.

பிப்ரவரி 11

தைப்பூசம். தெப்பத்துக்கு ஊரே கிழக்கே போகிறது. நான் போகவில்லை. இன்று 34.

பிப்ரவரி 13

கடைக்கு ஓடினேன். பதினைந்தில் ஆறுதான் இருக்கிறது. ஒன்பது விற்றுவிட்டது! ஒரு வாரத்தில் ஒன்பது, அதுவும் முன்பின் தெரியாத ஒன்பது பேர். சந்தோஷப்பட வேண்டிய செய்தியைக் கேட்டு அங்கேயே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். யார் வாங்கினார்கள் என்று எப்படிச் சொல்ல முடியும் என்கிறார் கடைக்காரர். மீதி ஆறை எடுத்துக்கொண்டு, திருத்திய பத்தைக் கொடுத்துவிட்டு வந்தேன்.

ஒன்பது பேர் வீட்டில் உடை.

பிப்ரவரி 16

தெருக்கோடி மண்டபத்தில் வெளியீடு. அறுபது நாற்காலி போட்டோம், ஐம்பது நிறைந்தது. பொன்னாடை நான்கு, பேசியவர்கள் மூன்று பேர். அவர்களில் இரண்டு பேர் முன்னுரையை மட்டும் படித்துவிட்டு வந்திருந்தார்கள். அது மேடையிலேயே தெரிந்தது. மூன்றாமவர் என் பழைய தமிழாசிரியை. எழுபத்தெட்டு வயது. 120-ஆம் பக்கத்தை எடுத்து, தெருவில் பாவு விரித்துக் கஞ்சி போடுகிற காட்சியை வாய்விட்டுப் படித்தார். ஊடை வந்த இடத்தில் ஒரு நொடிகூடத் தயங்கவில்லை. அந்த ஒரு சொல்லுக்காக முன்வரிசையில் கையைப் பிசைந்துகொண்டிருந்தேன்.

விற்றது 31. அன்பளிப்பு 12. "ஒரு பிரதி தரமாட்டாயா?" என்று உரிமையோடு கேட்கிறவர்களிடம் எப்படிக் காசு கேட்பது? சேலைக்குக் கேட்டால் கொடுக்கிறார்கள், சீட்டுக்குக் கொடுக்கிறார்கள். புத்தகம் என்றால் மட்டும் ஏன் சும்மா வர வேண்டும்? கோபம்தான். அதை ஒளிக்க மாட்டேன்.

பிப்ரவரி 18

வாட்ஸ்அப் குழுக்களில் போட்டேன். வாழ்த்து 140 வந்திருக்கிறது, பூங்கொத்துப் படங்களோடு. வாங்கியவர்கள் 9.

பிப்ரவரி 20

மதியம் விடுப்பு எடுத்துக்கொண்டு தலைமைத் தபால் நிலையம். மதிப்புரைக்கு நான்கு பத்திரிகைக்குத் தலா இரண்டு பிரதி. புத்தகங்களுக்கென்று இருந்த பதிவுத் தபாலைப் போன டிசம்பரில் நிறுத்திவிட்டார்கள். ஒரு பிரதி 240 கிராம். கூரியர் என்றால் ஐம்பது அறுபது ரூபாய் போய்விடுகிறது. 150 ரூபாயில் அதையும் கழித்தால், என்னைப் போன்றவர்கள் தூரத்து வாசகருக்கு எப்படித்தான் புத்தகம் அனுப்புவது? தில்லியில் இருந்துகொண்டு அந்தச் சேவையை நிறுத்தியவர்கள் இதை எண்ணிப் பார்த்திருக்க வேண்டும்.

1954-ஆம் ஆண்டுச் சட்டப்படி அனுப்ப வேண்டிய நான்கு பிரதிகளும் இன்றே போயின: கொல்கத்தா தேசிய நூலகம், மும்பை, டெல்லி, சென்னை கன்னிமாரா. இந்த நான்கையும் புதுப் பேனாவால், பகல் வெளிச்சத்தில், ஜன்னல் ஓரமாக உட்கார்ந்து திருத்தினேன். நான் போன பிறகும் இருக்கப்போகிற பிரதிகள் இவை.

பிப்ரவரி 24

அத்தை மறுபடி சாப்பிட மறுக்கிறார். "பாவு அறுந்துவிட்டது, யாராவது பிணையுங்கள்" என்கிறார். யாருக்குச் சொல்கிறார் என்று தெரியவில்லை.

மார்ச் 1

நத்தம் சாலை கலைஞர் நூற்றாண்டு நூலகம். எந்த வேலையும் இல்லை, சும்மாதான் போனேன். நாவல் அடுக்கில் என் பெயரின் முதல் எழுத்து எங்கே வரும் என்று தேடிப் பிடித்து, அங்கே இருந்த இரண்டு புத்தகங்களுக்கு நடுவில் விரலை நுழைத்துப் பார்த்தேன். ஒரு விரல் அகலம் போதும். அரசு நூலகங்களுக்குப் புத்தகம் வாங்குகிற நூலக ஆணை வந்தால் கடன் அடையும் என்கிறார்கள். பணத்தைவிட இந்த ஒரு விரல் அகலம்தான் வேண்டியிருக்கிறது.

மார்ச் 4

ஆஸ்பத்திரி. நுரையீரலில் சளி கட்டியிருக்கிறது.

மார்ச் 5

ஆஸ்பத்திரி.

மார்ச் 6

மருந்து வாங்க, ஸ்கேன் எடுக்க, கையெழுத்துப் போட. மூன்று நாளாகப் புத்தகம் என்ற நினைப்பே வரவில்லை. இன்று வந்ததும் குற்றமாக இருந்தது.

மார்ச் 9

மாலை நாலு மணிக்கு ஒரு போன். புத்தகத்தில் போட்டிருந்த எண்ணைப் பார்த்து அழைத்திருக்கிறார். அருப்புக்கோட்டைக்காரர், தறி ஓட்டியவர், வயது எழுபதுக்கு மேல். கண் காட்ட மதுரைக்கு வந்தபோது அந்தக் கடையில் வாங்கியிருக்கிறார். ஒன்பதில் ஒருவர்.

ஆஸ்பத்திரி மாடிப்படியில் நின்று பேசினேன். வார்த்தை வார்த்தையாக எழுதி வைத்துக்கொள்கிறேன்.

"ஊடையை உடை என்று போட்டிருக்கிறீர்களே அம்மா. முதலில் பார்த்ததும் மூடி வைத்துவிட்டேன். பிறகு மனசு கேட்காமல் எடுத்துப் படித்தேன். நாடா தெறித்துப் பிள்ளையின் காலில் விழுகிற இடம் வந்ததும், இது தறிவீட்டில் இருந்தவர் எழுதியதுதான், தப்பு அச்சில் நடந்தது என்று தெரிந்துகொண்டேன். பேனாவை எடுத்துப் பன்னிரண்டு இடத்திலும் நானே திருத்திவிட்டேன்."

எனக்குப் பேச்சு வரவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "பதினொன்று ஐயா" என்றேன்.

"பன்னிரண்டு அம்மா. எண்ணித்தான் சொல்கிறேன்."

மார்ச் 10

பக்கம் 187. கீழிருந்து நாலாவது வரி.

கடைசித் திருத்தத்தின்போது கையால் எழுதிச் சேர்த்த பத்தி. என் கோப்பில் அது இல்லை, அதனால்தான் தேடியபோது வரவில்லை. அத்தையின் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் கையைப் பார்த்துப் பார்த்து எழுதியது. "ஊடையை விரல் நுனியால் தொட்டே எத்தனை நம்பர் நூல் என்று சொல்லிவிடுவாள் கிழவி."

அந்த இடத்தைத்தான் தவறவிட்டிருக்கிறேன்.

மார்ச் 11

ஒரு பையில் முப்பது பிரதியை ஆஸ்பத்திரிக்கு எடுத்துப் போனேன். இரவு நர்ஸ் விளக்கை அணைக்கவில்லை. ஒன்றும் கேட்கவுமில்லை. அத்தை விழித்திருந்தார்; ஆக்சிஜன் குழாயோடு என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். விரல்கள் போர்வை ஓரத்தைப் பிடித்து உருட்டிக்கொண்டே இருந்தன, நாடாவுக்கு நூல்தார் சுற்றுகிற மாதிரி.

இன்று 30.

மார்ச் 12

நேற்றுத் திருத்திய முப்பது போக வீட்டில் 184. அந்த ஒன்பதைத் தவிர வெளியே போனவை 77. யார் யாரிடம் இருக்கிறது என்று பட்டியல் போட்டேன். தெரிந்தவர்களிடம் பேனாவோடு நேரில் போய்விடலாம், வாட்ஸ்அப்பில் வாங்கியவர்களுக்குப் படம் எடுத்து அனுப்பலாம். அந்த நான்கு நூலகங்களுக்கும் கடிதம் எழுத வேண்டும். கொல்கத்தாவுக்கு எந்த மொழியில் எழுதுவது, உ-வுக்குள் ஒரு சிறு ள என்பதை எப்படிச் சொல்லி

இவர் கூப்பிடுகிறார்.