எஸ்டி கார்டு இல்லாமல் ராஸ்பெரி பை: பாலக்கோட்டில் பைசர்வர் நிறுவிய அனுபவம்

பாலக்கோட்டில் நாங்கள் நடத்தும் பயிற்சி மையத்தில் பன்னிரண்டு ராஸ்பெரி பை (கையடக்கச் சிறு கணினி) இருக்கின்றன. பாதி 3பி மாடல், பாதி 3பி பிளஸ். கோடையில் கரண்ட் சொல்லாமல் கொள்ளாமல் போகும். போகும்போது ஏதாவது ஒரு எஸ்டி கார்டையும் கெடுத்துவிட்டுப் போகும். கார்டில் மறுபடி மறுபடி இயங்குதள இமேஜ் எழுதி அலுத்துப்போய்த்தான் பைசர்வர் என்ற மென்பொருள் பக்கம் வந்தேன். இயங்குதளம் ஒரே கணினியில் இருக்கும், எல்லா பையும் லேன் கேபிள் வழியாக அங்கிருந்து பூட் ஆகும். உள்ளே இருப்பதெல்லாம் பழகிய சரக்குதான்: பூட் கோப்புகளை அனுப்ப டிஎன்எஸ்மாஸ்க், டிஸ்க்குக்குப் பதிலாக நெட்வொர்க் வழியே கோப்புகளைப் பகிரும் என்எஃப்எஸ், மாணவர் கணக்குகளுக்கு ஓப்பன்எல்டாப்.

பைசர்வரை சோர்ஸிலிருந்து பில்டு செய்வது பயந்த அளவுக்குக் கஷ்டமில்லை. பழைய டெஸ்க்டாப்பில் டெபியன் லினக்ஸ் போட்டு, கிட்ஹப்பிலிருந்து சோர்ஸை இறக்கி, சிமேக், ஜிடிகேஎம்எம், எல்டாப் என்று கேட்கும் பேக்கேஜ்களை நிறுவிவிட்டு, டெப் கோப்பு உருவாக்கும் டெபில்டை ஓட்டினேன். ஏதாவது விடுபட்டிருந்தால் அதுவே பெயரைச் சொல்லி நின்றுவிடும். கையொப்பம் வேண்டாம் என்று ஆப்ஷன் கொடுக்க மறக்காதீர்கள். உருவாகும் டெப் கோப்பு ஒரு ஃபோல்டர் மேலே போய் உட்கார்ந்திருக்கும். அதை நிறுவும்போது டிபிகேஜி டிபென்டென்சி இல்லை என்று புலம்பினால், 'ஆப்ட்-கெட் -எஃப் இன்ஸ்டால்' அடக்கிவிடும்.

பைசர்வரைத் திறந்ததும் வரும் அமைப்பு விஸார்டில் ஒரு கேள்விதான் முக்கியம். ரூட்டர் ஏற்கெனவே ஐபி முகவரி கொடுத்துக்கொண்டிருந்தால், அந்த வேலையை ரூட்டரிடமே விட்டுவிடும் ப்ராக்ஸி டிஹெச்சிபியைத் தேர்ந்தெடுங்கள். தேர்ந்தெடுக்காவிட்டால் ரூட்டரும் சர்வரும் போட்டி போட்டு ஐபி கொடுக்கும்.

3பி பிளஸ்ஸுக்கு எதுவும் செய்ய வேண்டாம், கேபிள் சொருகி ஆன் செய்தால் அதன் மேக் முகவரி (நெட்வொர்க் அடையாள எண்) சர்வர் திரையில் வந்துவிடுகிறது. 3பி அப்படியில்லை. கான்ஃபிக் கோப்பில் யுஎஸ்பி பூட் மோடை 1 ஆக்கி, கார்டு போட்டு ஒருமுறை பூட் செய்ய வேண்டும். அது சிப்பிலேயே நிரந்தரமாகப் பதிந்துவிடும், திரும்ப மாற்ற முடியாது.

அதைச் செய்த பிறகும் 3பி எதுவும் சர்வர் திரையில் வரவில்லை. கூட இருந்த பையன், "அண்ணா, லைட்டு எரியுதே, அப்புறம் ஏன் வரமாட்டேங்குது?" என்றான். சர்வரில், நெட்வொர்க்கில் வருவதைக் காட்டும் டிசிபிடம்ப் போட்டுப் பார்த்தால் ஒரு கோரிக்கைகூட வந்து சேரவில்லை. ஓசூரில் செகண்ட் ஹேண்டில் வாங்கிய மேனேஜ்டு சுவிட்ச்தான் காரணம். அதில் கேபிள்கள் வட்டமாக இணைந்துவிடாமல் காக்கும் ஸ்பேனிங் ட்ரீ ஓடிக்கொண்டிருந்தது. போர்ட் திறக்கவே 30 விநாடி எடுத்துக்கொள்ளும். 3பி அதற்குள் ஐந்து முறை கேட்டுவிட்டு ஓய்ந்துவிடுகிறது. பை இருக்கும் போர்ட்களில் அதை அணைத்ததும் வரிசையாக வந்தன. ஒன்று மட்டும் அடம்பிடித்தது. அதில் பூட்டைத் தொடங்கிவைக்கும் பூட்கோட்.பின் கோப்பு மட்டும் உள்ள பழைய கார்டைச் சொருகி வைத்திருக்கிறேன். அந்தக் கார்டில் எதுவும் எழுதப்படுவதில்லை, அதனால் கரண்ட் போனாலும் கவலையில்லை.

இப்போது யார் எந்த பையில் லாகின் செய்தாலும் அவரவர் கோப்புகள் இருக்கின்றன. காலையில் எல்லாவற்றையும் ஒன்றாக ஆன் செய்தால் மந்தமாகும், அதனால் வரிசை வரிசையாகப் போடுகிறோம். சர்வர் நின்றால் மொத்த லேபும் உறைந்துவிடும் என்பதால் யுபிஎஸ் சர்வருக்கும் சுவிட்சுக்கும் மட்டும்.