இந்த முறை ஈஸ்டுக்கே முதலிடம்

ஜனவரி 2

நாளை வீட்டில் ஜெர்மன் பாணிக் கோதுமை பீர் காய்ச்சப் போகிறேன், சாமான் எல்லாம் எடுத்து வைத்தாயிற்று. 20 லிட்டருக்குக் கோதுமை மால்ட் (முளைகட்டி உலர்த்திய தானியம்) 2 கிலோ, பில்ஸ்னர் என்கிற வெளிர் பார்லி மால்ட் 2 கிலோ, கசப்புக்கு ஹாலர்டாவ் வகை ஹாப்ஸ் பூ 25 கிராம், கோதுமை பீர் ஈஸ்ட். அவ்வளவுதான். கொத்தமல்லி விதை, ஆரஞ்சுத் தோல் எல்லாம் பெல்ஜியத்து வகைக்கு அழகு, இதற்கு வேண்டாம். வாழைப்பழ வாசமும் கிராம்பு வாசமும் ஈஸ்டே கொண்டு வந்துவிடும். அதற்குக் குறுக்கே எதையும் நிறுத்தக் கூடாது என்பது என் கட்சி. போதைக்காக அல்ல, தாகத்துக்குக் குடிக்கிற பீராக வேண்டும். ஆல்கஹால் 4 சதவீதத்தை ஒட்டி இருந்தால் போதும்.

ஜனவரி 3

முதலில் மால்ட்டை 44 டிகிரி வெந்நீரில் கால் மணி நேரம் ஊறவிட்டேன். பலர் இதை விட்டுவிடுவார்கள், எனக்கு மனம் வரவில்லை. இந்தச் சூட்டில்தான் தானியத்திலிருந்து ஃபெருலிக் அமிலம் நன்றாக வெளிவரும். ஈஸ்ட் அதைத்தான் கிராம்பு மணமாக மாற்றுகிறது. பிறகு 66 டிகிரிக்கு ஏற்றி ஒரு மணி நேரம்.

கோதுமைக்கு உமி கிடையாது, அதனால் சாறு வடிய நேரம் பிடிக்கும். குழாயைக் கொஞ்சமாகத் திறந்து பொறுமையாக வடித்தேன். அவசரப்பட்டால் தானியம் இறுகிப்போய் வடிவதே நின்றுவிடும்.

கொதி ஒரு மணி நேரம், மூடி போடாமல். பில்ஸ்னர் மால்ட்டில் வேகவைத்த சோளம் மாதிரி ஒரு வாடை உண்டு. அது ஆவியோடு போக வேண்டும். ஹாப்ஸ் மொத்தத்தையும் தொடக்கத்திலேயே போட்டேன். கசப்பு பின்னால் நின்றால் போதும். 16 டிகிரிக்கு ஆற்றி அளந்தபோது, சாறின் அடர்த்தியைச் சொல்லும் ஹைட்ரோமீட்டர் 1.043 காட்டியது (தண்ணீர் என்றால் 1.000); சர்க்கரை நொதிய நொதிய இது இறங்கும். ஈஸ்ட் போட்டாயிற்று.

ஜனவரி 4

காலையில் பார்த்தால் நுரை விளிம்பை நெருங்கிவிட்டது. பாத்திரத்தில் கால் பங்கு இடம் விட்டு வைத்ததன் பலன். இந்த ஈஸ்ட் மேலே ஏறி வேலை செய்கிற ஜாதி. அடர்த்தியாக, பழுப்புத் திட்டுகளோடு நுரைக்கும். வாயுவை வெளியே விட்டு வெளிக்காற்றைத் தடுக்கிற காற்றுப்பூட்டு நுரையால் அடைத்துக்கொள்ளாமல் இருக்க, அதற்குப் பதிலாகத் தடித்த குழாய் ஒன்றைச் சொருகி மறுமுனையைக் கிருமிநாசினித் தண்ணீரில் விட்டிருக்கிறேன்.

வெப்பம் 17 டிகிரி. இதைத்தான் கண்ணும் கருத்துமாகப் பார்க்கிறேன். சூடு ஏற ஏற ஐசோஅமைல் அசிடேட் கூடும். வாழைப்பழத்தில் இருக்கும் அதே சேர்மம். அளவோடு இருந்தால் அருமை. மிஞ்சினால் இரண்டாவது கிளாஸ் கேட்கத் தோன்றாது.

ஜனவரி 6

லேசாகக் கந்தக வாடை. இந்த ஈஸ்டில் இது சகஜம், தானாகப் போய்விடும். நுரை அடங்கத் தொடங்கியதால் 19 டிகிரிக்கு விட்டேன்.

1516இல் வந்த பவேரியச் சட்டம் பீருக்கு பார்லி, ஹாப்ஸ், தண்ணீர் என்று மூன்றை மட்டும் சொன்னது. ஈஸ்ட் பட்டியலிலேயே இல்லை! இந்தப் பாத்திரத்தின் அருகே நின்று மூக்கை வைத்தால், பீரின் குணத்தில் பெரும்பகுதி அந்தப் பெயர் விடுபட்ட ஆளிடமிருந்துதான் வருகிறது என்று புரியும்.

ஜனவரி 14

ஹைட்ரோமீட்டர் அளவு 1.010. முந்தாநாளும் இதேதான், ஆகவே நொதித்து முடிந்தது. ஆல்கஹால் 4.3 சதவீதம் வருகிறது.

ஜனவரி 15

பாட்டிலில் அடைத்தேன். பாட்டிலுக்குள் வாயு உண்டாக லிட்டருக்கு 7 கிராம் சர்க்கரை, கொதிக்கவைத்து ஆற்றிய கரைசலாக. கோதுமை பீருக்கு வாயு தூக்கலாக இருக்க வேண்டும் என்று இன்னும் கூட்டுவார்கள். அதற்குத் தடித்த பாட்டில் வேண்டும், சாதாரணக் கண்ணாடி வெடிக்கும். ஒன்றை மட்டும் பிளாஸ்டிக் பாட்டிலில் அடைத்திருக்கிறேன். அதை அமுக்கிப் பார்த்தாலே மற்றவற்றில் வாயு எவ்வளவு ஏறியிருக்கிறது என்று தெரிந்துவிடும்.

ஜனவரி 31

பிளாஸ்டிக் பாட்டில் கல் போல் ஆகிவிட்டது. ஒரு கண்ணாடிப் பாட்டிலை முந்தைய நாளே குளிரில் வைத்துத் திறந்தேன். முக்கால் பங்கு ஊற்றிவிட்டு, மீதியைச் சுழற்றி அடியில் இருந்த ஈஸ்டையும் சேர்த்து ஊற்றினேன். கலங்கிய வைக்கோல் நிறம், மேலே கெட்டியான வெள்ளை நுரை. முதலில் கிராம்பு, பின்னாலேயே மெல்ல வாழைப்பழம், அதற்குப் பிறகு ரொட்டி மாவின் இனிப்பு. நாக்கில் எதுவும் தங்கவில்லை. நான் கேட்டது இதுதான்.

இந்த வகை வைத்திருந்தால் மணம் மங்கும், சீக்கிரம் குடித்துவிட வேண்டும். அடுத்த தடவை சாமானில் கை வைக்க மாட்டேன். காய்ச்சியதை இரண்டு பாத்திரமாகப் பிரித்து, ஒன்றை 17 டிகிரியிலும் இன்னொன்றை 22 டிகிரியிலும் விட்டு, பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் குடித்துப் பார்க்க ஆசை.