பல்லைப் பிடித்துப் பார்த்தேன்

போன வாரம் நகர மன்றக் கூட்டத்துக்குப் போனது எங்கள் தெரு முனையில் ஒரு ஸ்டாப் போர்டு கேட்கத்தான். என் முறை வருவதற்குள் கன்சென்ட் கேலண்டர் வந்துவிட்டது. யாரும் மறுக்க மாட்டார்கள் என்று நினைக்கிற விஷயங்களை ஒரே மூட்டையாகக் கட்டி ஒரே ஓட்டில் நிறைவேற்றுவதற்கு அமெரிக்க நகரங்களில் அதுதான் பெயர். போன கூட்டத்தின் குறிப்பு, நூலகக் கூரை ரிப்பேர், நடுவில் போலீஸுக்குக் குண்டு துளைக்காத கவசம் வாங்க ஃபெடரல் மானியத்தை ஏற்றுக்கொள்வது. நான் பேனா மூடியைத் திறப்பதற்குள் நிறைவேறிவிட்டது.

தானம் வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாதுதான். ஆனால் இருபது வருஷமாகக் கணக்கு எழுதிப் பிழைக்கிறவனுக்குக் கை சும்மா இருக்குமா? செல்போனில் அஜெண்டாவைத் திறந்தேன். 1998-இல் வந்த சட்டத்தின்படி நடக்கிற திட்டம். கவசத்தின் விலையில் அதிகபட்சம் பாதிதான் வாஷிங்டன் தரும். மிச்சம் நம் பை. ஒரு நிபந்தனையும் உண்டு: யூனிஃபார்மில் இருக்கிறவர்கள் கவசத்தைக் கட்டாயம் போட வேண்டும் என்று துறை எழுத்தில் விதி வைத்திருக்க வேண்டும். வாங்கி அலமாரியில் வைத்தால் ஆகாது. நல்ல நிபந்தனை.

இடைவேளையில் சார்ஜன்ட் ஒருவர் பின்வரிசையில் பையோடு உட்கார்ந்திருந்தார். மன்றத்தாருக்குக் காட்டலாமென்று ஒரு பழைய கவசம் எடுத்து வந்திருக்கிறார், பாவம், யாரும் கேட்கவில்லை. நான் கேட்டேன். துணி உறையின் ஓரத்தைப் பிரித்து உள்ளே இருந்த தகட்டை உருவினார். தகடு என்றா சொன்னேன்? கெட்டியான மெத்தை மாதிரி இருந்தது, லேசாக வளைந்தது. உறையின் கழுத்துப் பக்கம் வியர்வை மஞ்சளித்திருந்தது. தகட்டில் ஒட்டியிருந்த சீட்டில் அளவு, வரிசை எண், எந்தப் பக்கம் உடம்பைத் தொட வேண்டும் என்ற குறிப்பு, தயாரித்த தேதி. அந்தத் தேதியில் விரலை வைத்து, "அஞ்சு வருஷம்தான் சார் வாரண்டி" என்றார்.

தேதியில் என்ன இருக்கிறது என்று தோன்றலாம். 2003-இல் பென்சில்வேனியாவின் ஃபாரஸ்ட் ஹில்ஸில் ஒரு போலீஸ்காரரின் கவசத்தைக் குண்டு துளைத்துப் போனது. ஜைலான் என்ற இழையில் செய்த கவசம் அது. ஈரத்திலும் சூட்டிலும் அந்த இழை நைந்துபோகிறது என்பது அப்புறம் தெரிந்தது. 2005-இல் ஃபெடரல் நீதித்துறை அந்த இழை கவசத்துக்கு ஆகாது என்று ஒதுக்கித் தள்ளியது. அதனால் சார்ஜன்ட் அந்தச் சீட்டைப் பார்க்கிற பார்வையில் தப்பே இல்லை. கவசம் வேண்டாம் என்று நான் சொல்லவும் இல்லை.

என் கேள்வி வேறு. அஞ்சு வருஷம் கழித்து இதே செலவு மறுபடி வாசலில் வந்து நிற்கும். அன்றைக்கு வாஷிங்டனின் பாதி வருமா என்று யாருக்கும் உத்தரவாதம் இல்லை. வருஷா வருஷம் ஐந்தில் ஒரு பங்கை பட்ஜெட்டில் ஒதுக்கி வைத்தால் அப்போது யாரும் முழிக்க வேண்டியதில்லை. அஜெண்டா குறிப்பில் அப்படி ஒரு வரியைக் காணோம். போலீஸ்காரர்கள் சட்டையில் மாட்டிக்கொள்கிற உடம்பு கேமரா வந்தால் இன்னும் மோசம்: கேமராவை மானியத்தில் வாங்கிவிடலாம், வீடியோவைச் சேமித்து வைக்கிற மாசச் சந்தாதான் யானைத் தீனி.

எனக்குக் கிடைத்த மூன்று நிமிஷத்தில் இதைத்தான் முதலில் சொன்னேன். ஒருவர் குறித்துக்கொண்டார். ஸ்டாப் போர்டுக்கு முப்பது விநாடிதான் மிஞ்சியது. அதற்கு முதலில் போக்குவரத்து ஆய்வு செய்ய வேண்டுமாம், ஆய்வுக்குப் பணம் இல்லையாம். ஏதாவது மானியம் வந்தால் பார்ப்பார்களாம்.